இறக்கத்தில் பிடிக்காத பிரேக்

பினாங்குத் தீவில், தித்தி கெராவாங் அருவியைத் தாண்டித் தெலுக் பஹாங்கை நோக்கி இறங்கும் சாலையில், மழை விட்ட ஒரு காலைப்பொழுதில், பிரேக் பிடியைக் கைப்பிடியோடு ஒட்டுமளவுக்கு அழுத்தியும் என் சைக்ளோகிராஸ் (கரடுமுரடான பாதைப் பந்தய வகை) சைக்கிள் வளைவில் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து, சக்கரத்தின் இருபுறமும் உள்ள இரு கரங்கள் ரப்பர் கட்டைகளை ரிம்மின்மேல் அழுத்தும் வகையான கான்டிலீவர் பிரேக்கைக் கழற்றியபோது, அந்தக் கட்டைகள் கண்ணாடிபோல் இறுகி, அவற்றில் அலுமினியத் துணுக்குகள் பதிந்திருந்தன. மென்மையான புதிய கட்டைகளைப் போட்டு, ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பலன் பாதிதான்.

உண்மையான குறை, இரு கரங்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பியில் இருந்தது. அதன் நடுமுனை டயருக்கு வெகு உயரத்தில் இருந்ததால், பிடியை இழுக்கும் விசை கரங்களுக்குக் குறைவாகவே சென்றது. கம்பியைச் சுருக்கி, டயருக்கு மேல் இரண்டு விரற்கடை இடைவெளி மட்டும் விட்டபோது பிடிப்பு வெகுவாகக் கூடியது. ஆனால், இப்படித் தாழ்த்தினால் கட்டைகள் குறைந்த தூரமே நகரும் என்பதால், அவற்றை ரிம்முக்கு மிக நெருக்கமாக வைக்க வேண்டியிருக்கிறது. சக்கரம் சற்றே கோணியிருந்தாலும் உரசும். எனவே முதலில் சக்கரத்தை நேராக்கிக்கொண்டேன்.

முன்பிரேக் கீச்சிட்டு நடுங்கியதற்கு, கட்டையின் பின்நுனியில் மடித்த அட்டைத்துண்டைச் செருகி, முன்நுனி முதலில் தொடும்படி முடுக்கியது போதுமானதாக இருந்தது. மறுவாரம் அதே வளைவில் இரண்டு விரல்களே போதுமாயின.