இங்கிலீஷ்ல எங்க அழுத்தணும், எங்க முழுங்கணும்

கிராமர் எல்லாம் கரெக்டா இருந்தும் எதிர்ல இருக்கவர் "சாரி?"னு திரும்பத் திரும்பக் கேக்குறாரா, அப்ப ஸ்ட்ரெஸ்ஸை, அதாவது வார்த்தையில எந்த இடத்தை அழுத்துறோம்ங்கறதைக் கொஞ்சம் கவனிங்க. தமிழ்ல எல்லா அசையையும் கிட்டத்தட்ட ஒரே பலத்துல சொல்லிப் பழகிட்டோம், அதையே இங்கிலீஷ்லயும் செஞ்சா இங்கிலீஷ்காரங்க காதுக்கு வார்த்தை பிடிபடாது.

முதல்ல சிலபிள், அதாவது அசை, எண்ணுங்க. தாடைக்குக் கீழ கையை வெச்சுட்டு மெதுவா சொல்லிப் பாருங்க, தாடை எத்தனை தடவை இறங்குதோ ஏறக்குறைய அத்தனை சிலபிள். ஸ்பெல்லிங்கை நம்பாதீங்க. புதன்கிழமைக்கு எழுத்து எவ்ளோ இருந்தாலும் வென்ஸ்-டே, ரெண்டே தான். நாம நாலா சொல்ற கம்ஃபர்டபிளை பிரிட்டிஷ்காரங்க கம்ஃப்-ட-பிள்னு மூணுல முடிச்சிடுவாங்க. ஃபிலிம், இஸ்கூல்னு இல்லாத சிலபிளை நாமளே சேக்குறது வேற இருக்கு, நிஜத்துல ரெண்டுக்கும் ஒவ்வொரு சிலபிள் தான்.

அடுத்து ஸ்ட்ரெஸ். ஹோட்டல்ல நாம "ஹோ"வை அடிக்கிறோம், அவங்க "டெல்"லைத் தூக்குவாங்க. டெவலப்ல நடு: டி-வெ-லப். அழுத்துறதுன்னா கத்துறது இல்ல, அந்த சிலபிளைக் கொஞ்சம் நீட்டி, சுருதியை ஏத்தி, தெளிவா சொல்றது. என்னைக் கேட்டா அதை விட மத்ததை முழுங்குறது தான் நமக்குக் கஷ்டம். பனானாவுல "னா" மட்டும் நடுவுல நிக்கணும், முன்னும் பின்னும் வாயை லேசா தொறந்து சோம்பேறித்தனமா ஒரு "அ". அதுக்குப் பேரு ஷ்வா, இங்கிலீஷ்ல அதிகமா வர்ற உயிரொலியே அதுதான்.

ஃபோட்டோகிராஃப்ல ஸ்ட்ரெஸ் "ஃபோ"வுல. ஃபோட்டோகிராஃபர்னு ஆனதும் ரெண்டாவதுக்குத் தாவிடும், ஃப-டா-க்ர-ஃபர், அந்த "ஃபோ" போயே போச்சு. ஃபோட்டோகிராஃபிக்ல "கிரா".

ஷன், இக், இட்டினு முடிஞ்சா பெரும்பாலும் அதுக்கு முந்தின சிலபிள்ல தான்: எஜுகேஷனுக்கு "கே", எகனாமிக்குக்கு "னா", எபிலிட்டிக்கு "பி". பாலிடிக்ஸ் மாதிரி சிலது அடங்காது, அது "பா"வுல நிக்கும். ரெக்கார்ட் பெயர்ச்சொல்லா வந்தா முதல்ல, வினையா வந்தா ரெண்டாவதுல.

சந்தேகம்னா கேம்பிரிட்ஜ் டிக்ஷனரி சைட்ல பாருங்க, உச்சரிப்புல மேல ஒரு குட்டிக் கோடு இருக்கும், அதுக்கு அடுத்து வர்ற சிலபிள்ல தான் அழுத்தம். ஆடியோவைக் கேட்டுட்டு முதல்ல வார்த்தை இல்லாம "ட-டா-ட"னு தாளம் மட்டும் போட்டுப் பாருங்க, அப்புறம் வார்த்தையை வைங்க. யூகே, யூஎஸ் ஆடியோவை மாத்தி மாத்திக் கேக்க வேணாம், அட்வர்டைஸ்மென்ட்டுக்கு யூகேல "வர்", யூஎஸ்ல "டைஸ்"னு குழம்பிடுவீங்க.