பழைய மூக்கு லாரியை மரத்தில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுப் பட்டறையில் மர லாரி செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது நல்ல பலகையை. பலகைக்கு அவசரமே இல்லை. எந்த லாரி, எந்தக் காலத்து லாரி, எத்தனையில் ஒரு பங்கு அளவு என்பதெல்லாம் முடிவாகாமல் ரம்பத்தைத் தொட்டால், கடைசியில் லாரி மாதிரி ஏதோ ஒன்று வந்து நிற்கும். நம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டி வராது.

பழைய டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் லாரியையே எடுத்துக்கொள்வோம். டெல்கோ நிறுவனம் (இன்றைய டாட்டா மோட்டார்ஸ்) ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து 1954-ல் ஜாம்ஷெட்பூரில் தயாரிக்கத் தொடங்கிய மூக்கு வண்டி அது; எஞ்சின் கேபினுக்கு முன்னால் மூக்குபோல நீண்டிருக்கும். 1969-ல் அந்தக் கூட்டு முடிந்தது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்த இடத்துக்கு டாட்டாவின் 'டி' எழுத்து வந்தது. எழுபதுகளின் லாரியைச் செய்துவிட்டு நட்சத்திரத்தை ஒட்டினால், பழைய டிரைவர் ஒருவர் பார்த்த உடனே பிடித்துவிடுவார். இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பல அமெரிக்க, ஜெர்மன் வண்டிகள். அவற்றை அப்படியே பின்பற்றினால் ஸ்டியரிங் இடது பக்கம் போய்விடும்.

நம் லாரிக்கு மரம் புதிதும் இல்லை. அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து பெரும்பாலும் எஞ்சினும் சேஸிஸும் முன்மூக்கும்தான் வரும். கேபினையும் பின்பாடியையும் நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகளில் மரச்சட்டம் கொடுத்துக் கட்டுவார்கள். அதனால் பட்டறைக்குப் பட்டறை கேபின் வேறுபடும். ஒரே வண்டியின் படங்களை வைத்து வேலை செய்யுங்கள். ஒன்றின் கேபினையும் மற்றொன்றின் கேரியரையும் கலக்கக் கூடாது.

படம் எடுப்பதிலும் ஒரு தவறு உண்டு. லாரிக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்தால் நடுப்பகுதி பெருத்து, முன்னும் பின்னும் சுருங்கித் தெரியும். நன்றாகத் தள்ளிப் போய், கேமராவைச் சக்கர உயரத்துக்கு இறக்கி, ஜூம் செய்து நேர் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் 4.2 மீட்டர் இருக்கிற வண்டி என்றால், இருபதில் ஒரு பங்குக்கு 210 மில்லிமீட்டர். அந்த இடைவெளி தாளில் சரியாக 210 வரும்படி படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டால், மற்ற அளவுகளை ஸ்கேல் வைத்து அதிலேயே எடுக்கலாம்.

அடுத்தது தடிமன். வீட்டில் கிடக்கிறதே என்று 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பாடி அடிக்கிறார்கள். இருபது மடங்காகப் பெருக்கிப் பாருங்கள், 80 மில்லிமீட்டர். மூன்று அங்குலத்துக்கு மேல். அப்படி ஒரு பலகை எந்த லாரியிலும் கிடையாது. நிஜத்தில் ஓரங்குலப் பலகை என்றால் நமக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் போதும். ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், பிசகினால் அது நிஜ வண்டியில் இரண்டரை அங்குலம். நூலா, மில்லிமீட்டரா என்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

மரம் காய்ந்ததாக இருக்க வேண்டும், இழை நெருக்கமாக இருக்க வேண்டும். தேக்கின் அகலமான வரிகள் பெரிய மேசைக்கு அழகு. விரலளவு கதவில் அவை கோடு கோடாகப் பெரிதாகத் தெரிந்து அளவையே கெடுத்துவிடும். சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படுகிற வெப்பாலை வெளிர் நிறம், மென்மையான இழை, கடைசலுக்கு நன்றாக வரும். தேக்கில்தான் செய்வேன் என்றால், அதில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டப்போகிற பரப்பைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே ஒட்டிவிட வேண்டும்.

சக்கரத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பச்சைக் கிளையைக் குறுக்கே வில்லை வில்லையாக அறுத்தால் வட்டம் அழகாக வரும். காயக் காய நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்பு விடும். பலகையிலிருந்து வட்டம் எடுத்தாலும் தொல்லை தீராது. மரம் இழையின் நீளத்தில் அசையாது, குறுக்கேதான் சுருங்கும், விரியும். மழைக்காலம் ஒன்று போனால் வட்டம் லேசாக முட்டை வடிவத்துக்குப் போய்விடும். இரண்டு மெல்லிய வட்டங்களை இழை ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டுங்கள். ஒன்றை மற்றொன்று பிடித்து நிறுத்தும். ஒட்டிக் காய்ந்த பிறகு கடைந்தால் போதும். டயரின் விட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர், ஆகவே நமக்கு 50 மில்லிமீட்டர்.

ஏழு சக்கரத்தையும் ஒரே அச்சாகச் செய்வது அடுத்த தவறு. முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு, ஸ்டெப்னி ஒன்று. முன்சக்கரத்தில் டிஸ்க் (சக்கரத்தின் நடுத்தட்டு) வெளியே புடைத்து நிற்கும். பின்னால் வெளிப்பக்கச் சக்கரத்தில் அதே டிஸ்க் திருப்பி மாட்டப்பட்டு உள்ளே குழிந்திருக்கும். இந்தக் குழிவு ஒன்றைச் சரியாகக் கடைந்துவிட்டால் சின்ன லாரிக்குக் கனம் வந்துவிடுகிறது. பின்ஜோடி டயர்களுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் சந்து விடுங்கள். ஒட்டவைத்தால் ஒரே தடித்த டயர்போல ஆகிவிடும்.

ஆக்சில் துளைகளைச் சேஸிஸின் இரண்டு சட்டங்களிலும் தனித்தனியாக அளந்து போடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக கிளாம்ப் போட்டு ஒரே மூச்சில் துளையிட வேண்டும். இல்லையென்றால் லாரி ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

மூக்கைச் செதுக்கும்போது வலது பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு இடது பக்கம் போகிறவர்களுக்கு இரண்டும் ஒத்து வருவதே இல்லை. கட்டையின் பக்கவாட்டில் ஒரு படம், மேலே ஒரு படம் ஒட்டுங்கள். பக்கவாட்டு வடிவத்தை அறுத்ததும் விழுந்த துண்டுகளை அதே இடத்தில் டேப் போட்டுப் பொருத்தி, அப்புறம் மேல்வடிவத்தை அறுங்கள். நடுக்கோட்டை மட்டும் கடைசிவரை உப்புத்தாளுக்குக் கொடுக்காதீர்கள். இரு பக்கமும் சமமா என்று அளக்க அது ஒன்றுதான் துணை. மட்கார்டைத் தடித்த பலகையில் வளைவாக அறுத்தால், இழை குறுக்கே ஓடும் இடத்தில் பட்டென்று முறியும். வெனீர் எனும் மெல்லிய மரத்தாள் நான்கைந்தை ஃபெவிகால் தடவி அச்சுக்கட்டை மேல் கட்டி ஒரு இரவு விட்டுவிடுங்கள்.

சின்ன உறுப்புகளைச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டு விரலில் பிடித்து மெஷினில் காட்டவே கூடாது. நீளமான கட்டையின் நுனியில் வடிவத்தை முடித்து, கடைசியில் நறுக்குங்கள். தூசுக்கு முகக்கவசம் கட்டாயம்.

பாலிஷுக்கு முன் பசைக் கறையைத் தேடுங்கள். பிதுங்கிய ஃபெவிகால் காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ் பட்டதும் வெளிர்த் திட்டாக எழும்பும். ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் கறை முன்கூட்டியே தெரிந்துவிடும், அப்போதே சுரண்டி எடுத்துவிடலாம். உப்புத்தாளை 120, 220, 320 என்று வரிசையாக, இழையோடு மட்டும் தேயுங்கள். கதவும் பானெட்டும் சந்திக்கிற கூரான ஓரங்களை உருட்டிவிடாமல், தாளுக்குப் பின்னால் தட்டையான ஒரு கட்டையை வைத்துத் தேய்ப்பது நல்லது.