புள்ளி இல்லை, பொடி: கோமாளி மீன் பிழைத்த கதை

பினாங்கு ஜெலுத்தோங் வீட்டில் என் கோமாளி மீன் தீனியைத் தொடாமல் வேகமாக மூச்சு வாங்கியது. உடம்பில் வெள்ளையாகத் தெரிந்ததால் இக் என்ற வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி நோய்தான் என்று தனித்தொட்டிக்கு மாற்றி, உப்படர்த்தியை 1.009க்கு இறக்கி மூன்று நாளை வீணாக்கினேன், மூச்சு இன்னும் மோசமானது. பகலெல்லாம் பம்ப் தள்ளும் நீரோட்டத்திலேயே முகத்தை வைத்து நின்றதுதான் எனக்கு உறுத்தியது.

இரவு விளக்கை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தேன். புள்ளி இல்லை, மாவு தூவியது போல மஞ்சள் பொடி. வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய்! இதற்கு உப்பைக் குறைத்துப் பயனில்லை.

அப்புறம் உப்பைச் சிறுகச் சிறுக ஏற்றி, கீலேட் (நீரில் நிலையாக நிற்கும்படி கட்டிய) செம்பு மருந்தை 2.5 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 2.5 பங்கு) தினமும் அளந்து 30 நாள் வைத்தேன். மணலும் கல்லும் செம்பை உறிஞ்சும், அதனால் தனித்தொட்டியில் போடவில்லை. நான்காம் நாள் தீனி எடுத்தது, அப்போதுதான் நிம்மதி. ஒட்டுண்ணி சாகட்டும் என்று பெரிய தொட்டியில் இறால் மட்டும், ஆறு வாரம் மீன் இல்லாமல்.