இங்க்ஸ்கேப்பில் துணையலகு வளைவரைகளை வரைதல்

ஒரு வளைவரையின் எக்ஸ், ஒய் ஆயத்தொலைவுகள் இரண்டையும் டீ என்னும் ஒரே துணையலகின் (மாறிக்கொண்டே செல்லும் எண்ணின்) சார்புகளாக எழுதிவிட்டால், தன்னைத்தானே பலமுறை வெட்டிக்கொள்ளும் வடிவங்களையும் இங்க்ஸ்கேப் என்னும் படம் வரையும் மென்பொருளில் துல்லியமாக வரையலாம். 1815-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் பௌடிச்சும் 1857-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லிசாஜுவும் ஆராய்ந்த, இன்று லிசாஜுவின் பெயரால் வழங்கும் வளைவரை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 3டீயின் சைன் மதிப்பு எக்ஸ், 2டீயின் சைன் மதிப்பு ஒய்.

முதலில் ஒரு சதுரத்தை வரைந்து, அதைத் தேர்ந்தெடுத்த நிலையிலேயே எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியில் ரெண்டர் பிரிவிலுள்ள பாராமெட்ரிக் கர்வ்ஸைத் திறக்க வேண்டும். செவ்வகம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் இக்கருவி இயங்காது. கணக்கில் வரும் எண்களைத் தாளின் நீள அகலங்களோடு பொருத்துவது அச்செவ்வகமே. சைன் மதிப்பு −1 முதல் 1 வரை மட்டுமே செல்வதால், இட விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் −1, வல விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் 1 என இடுக. படம் பிழையாக வந்தால் சமன்பாட்டைச் சந்தேகிக்கும் முன் இந்த நான்கு எண்களைப் பார்ப்பதே நல்லது: −10 முதல் 10 வரை என்றிருந்தால் வளைவரை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். செவ்வகம் சதுரமாக இல்லாதபோது வட்டமும் நீள்வட்டமாக நீளும். அதைத் தடுக்க ஐசோட்ரோபிக் ஸ்கேலிங் என்னும் தெரிவைக் குறியிட வேண்டும்.

டீயின் தொடக்கம் 0, முடிவு 1 எனக் கொடுத்து, வீச்சை 2பை-ஆல் பெருக்கும் தெரிவைக் குறியிட்டால் ஒரு முழுச் சுற்று கிடைக்கும். கோணங்கள் ரேடியனில் அளக்கப்படுகின்றன. சார்புகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், பைத்தான் நிரல்மொழியின் முறைப்படி தட்டச்சிட வேண்டும். நோட்டில் எழுதும் பழக்கத்தில் பெருக்கல் குறியை விட்டுவிடுவது எளிது. இங்கே 3-க்கும் டீக்கும் இடையில் நட்சத்திரக் குறி கட்டாயம். அடுக்குக்கு இரண்டு நட்சத்திரக் குறிகளைச் சேர்த்து இடுக.

இரு சார்புகளிலும் சைனுக்குப் பதிலாகக் கொசைனை இட்டுப் பாருங்கள்: டீ பாதிச் சுற்றைக் கடந்ததும் கோடு வந்த வழியே திரும்புவதால், மூடிய பின்னல் மறைந்து இரு முனைகளுள்ள திறந்த கோடு தோன்றும்.

வளைவரையின் மீது கருவி கணக்கிடும் மாதிரிப் புள்ளிகளின் எண்ணிக்கையில் நிதானம் வேண்டும். அடுத்தடுத்த புள்ளிகளைக் கருவி பெசியர் வளைவுகள் என்னும் மென்மையான கோடுகளால் இணைப்பதால், வழவழப்பான வடிவங்களுக்குச் சில பத்துப் புள்ளிகளே பெரும்பாலும் போதும். நூற்றுக்கணக்கில் இட்டால் பின்னர் கணுக்களை (கோட்டின் இணைப்புப் புள்ளிகளை)த் திருத்துவது பெரும்பாடாகிவிடும். கொசைனின் மும்மடியும் சைனின் மும்மடியும் சேர்ந்து தரும் நான்முனை விண்மீன் வடிவம் இதற்கு விதிவிலக்கு. அதன் கூர்முனைகளின் மேல் மாதிரிப் புள்ளி விழாவிட்டால் அவை மழுங்கிவிடும். நான்கு முனைகளும் கூராகும் வரை எண்ணிக்கையை மாற்றி முன்னோட்டத்தில் பார்த்த பிறகே அப்ளை பொத்தானை அழுத்துக.