பழைய தண்டனை எப்போது காலாவதியாகும்? பலர் தப்பாகப் போடும் கணக்கு

தண்டனை காலாவதியாகிவிட்டது என்றால் பதிவே அழிந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பதிவு அப்படியேதான் இருக்கும். சில இடங்களில் கேட்டால் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது நாள் கணக்கு. சிறையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் எண்ணுகிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸை எடுத்துக்கொள்வோம். அங்கே 1974 ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டத்தில் வந்த திருத்தங்கள் 2023 அக்டோபர் முதல் நடப்பில் உள்ளன. பெரியவர்களுக்கு ஓராண்டு வரையிலான சிறைத்தண்டனை என்றால், தண்டனை முடிந்து 12 மாதம். ஓராண்டுக்கு மேல் 4 ஆண்டு வரை என்றால், முடிந்து 4 ஆண்டு. இதில் ‘முடிந்து’ என்பதைக் கவனியுங்கள். 18 மாதத் தண்டனையில் பாதியிலேயே விடுவிக்கப்பட்டாலும், மீதிக் காலமும் தண்டனைக்குள்தான் சேரும். முழு 18 மாதமும் கழிந்த பிறகுதான் அந்த 4 ஆண்டு ஓடத் தொடங்கும். இடையில் இன்னொரு குற்றத்தில் தண்டனை பெற்றால் பழைய கணக்கும் நீளக்கூடும். அப்புறம், ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் விதிகள் வேறு. ஒரே நாடுதானே என்று இருந்துவிடாதீர்கள்.

காலம் போனால் எல்லா நாட்டிலும் தானாகவே தீர்ந்துவிடும் என்பதும் தப்பு. கனடாவில் விண்ணப்பித்தால்தான் உண்டு. இப்போதைய விதிப்படி, குற்றத்தின் வகையைப் பொறுத்து 5 அல்லது 10 ஆண்டு காத்திருக்க வேண்டும். அபராத பாக்கி இருந்தால் அந்தக் காத்திருப்பே தொடங்காது. நியூசிலாந்தில் 2004 ஆம் ஆண்டுச் சட்டப்படி 7 ஆண்டு தண்டனையின்றி இருந்தால் தானாகவே மறைக்கப்படும். ஆனால் ஒருமுறை சிறைத்தண்டனை பெற்றவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தியாவில் பெரியவர்களுக்கு இப்படியொரு பொதுச் சட்டமே இல்லை. தேர்தலில் நிற்பதற்கான 6 ஆண்டுத் தடையைப் பலர் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேட்பாளர் தகுதி பற்றியது மட்டுமே. சிறார்களுக்கு மட்டும் 2015 ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது.

என் கணிப்பில் அதிக விலை கொடுக்க வைப்பது விசா படிவம்தான். சொந்த நாட்டில் காலாவதியானது என்ற தைரியத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்க விசா படிவமோ, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லச் சொல்கிறது, கைதையும் கேட்கிறது. பிரிட்டன்கூட குடியேற்ற விஷயத்தில் தன் சொந்தக் காலாவதி விதியைப் பொருட்படுத்துவதில்லை. இந்த மாதிரி இடத்தில் பழைய குற்றத்தைவிட மறைத்ததே பெரிய சிக்கலாகிவிடும்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. பயத்தில், கேட்காததையெல்லாம் கொட்டிவிடுவது. இங்கிலாந்தில் ஆசிரியர், செவிலியர் போன்ற வேலைகளுக்கு விதிவிலக்கு உண்டு, அங்கே காலாவதியானதையும் சொல்ல வேண்டியிருக்கலாம்; மற்றபடி சாதாரண வேலைக்கும் காப்பீட்டுக்கும் காலாவதியானதைச் சொல்லத் தேவையில்லை, ‘இல்லை’ என்று எழுதுவது பொய்யும் ஆகாது. சந்தேகமிருந்தால் குற்றப் பதிவைக் காட்டும் அடிப்படை நிலைச் சான்றிதழுக்கு (Basic DBS) முதலில் நீங்களே விண்ணப்பியுங்கள். காலாவதியானது எதுவும் அதில் வராது.