சால்மியாக்கி: உப்பு மிட்டாயில் உப்பு எங்கே?

பின்லாந்துக்காரர்கள் உயிரை விடும் கறுப்பு மிட்டாய் சால்மியாக்கி. முதல்முறை வாயில் போடுகிறவர் முகம் கோணி, "இவ்வளவு உப்பா!" என்பார். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்தக் கரிப்பைத் தருவது அம்மோனியம் குளோரைடு, நம் நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கேட்டால் கிடைக்கும் அதே பொருள். அதில் சோடியம் துளியும் கிடையாது. ஐரோப்பிய லேபிள்களில் 'உப்பு' என்று போடுவதோ சோடியத்தின் அளவை 2.5ஆல் பெருக்கி வரும் எண். நாக்கைக் கூசவைக்கும் மிட்டாயின் பாக்கெட்டில் உப்பு சொற்பமாகப் போட்டிருந்தால் அது அச்சுப்பிழை அல்ல.

இதைப் பார்த்துவிட்டு, "அப்போ பிரஷர் இருக்கிறவர்களும் சாப்பிடலாம்" என்று முடிவுகட்டுகிறார்களே, அதுதான் பெரிய தவறு. இந்த மிட்டாயில் சேரும் அதிமதுரச் சாற்றில் உள்ள கிளைசிரைசின், கார்ட்டிசால் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் சிறுநீரக நொதியைத் தடுக்கிறது. அதனால் உடல் சோடியத்தைத் தேக்கி வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஊட்டச்சத்துப் பட்டியலில் கிளைசிரைசினுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. பாக்கெட்டின் வேறு மூலையில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவுக்கு மீறி உண்ண வேண்டாம் என்று எச்சரிக்கை இருக்கிறதா என்று தேட வேண்டும். மிட்டாய்களில் கிலோவுக்கு 4 கிராம் கிளைசிரைசிக் அமிலத்தைத் (கிளைசிரைசினின் இன்னொரு பெயர்) தொட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வாசகம் கட்டாயம். அங்குள்ள உணவு அறிவியல் குழு 2003இல் சொன்ன அன்றாட உச்சவரம்பு 100 மில்லிகிராம். கணக்குப் போட்டால், எச்சரிக்கை உள்ள மிட்டாயில் 25 கிராமிலேயே அந்த வரம்பு நிரம்பிவிடும். டிவி பார்த்துக்கொண்டே கொறித்தால் 25 கிராம் எந்த மூலைக்கு? பின்லாந்திலேயே கர்ப்பிணிகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

கரிக்கிறது என்பதால் சர்க்கரை குறைவு என்று நினைப்பதும் உண்டு. நவச்சாரத்தின் காரத்தை அடக்கவே சர்க்கரை தாராளமாகச் சேரும். பெரும்பாலான வகைகளில் 100 கிராமுக்கு 300 கிலோகலோரிக்கு மேல். புரதமும் நாரும் பேருக்குத்தான். சர்க்கரையில்லா வகையில் மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு இருந்தால், அதற்கும் கிராமுக்கு 2.4 கிலோகலோரி உண்டு, கூடவே வயிற்றுப்போக்கும் வரலாம்.

ஊருக்கு வாங்கி வருகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: பல வகைகளில் கோதுமை மாவு, சிலவற்றில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். சைவக்காரர் வீட்டில் நீட்டிய பிறகு படிப்பதில் பயனில்லை.