காய்ந்து கிடக்கும் ஆற்றுக்கு வெள்ள வரைபடம்: எங்கே தவறுகிறோம்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆறு என்றால் வருடத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல்தான். அதனாலேயே வெள்ள வரைபடம் போட வருபவர்கள் மணிமுத்தாற்றின் இரு கரையிலும் ஒரு நீலப் பட்டை தீட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பெரிய தவறு அதுதான்.

இங்கே வெள்ளம் ஆற்றோடு மட்டும் வருவதில்லை, கண்மாய் வழியாகவும் வருகிறது. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கில் (கூடுதல் தண்ணீர் வழிய விடும் கட்டுமானம்) வழிந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்குப் போகும். மேலே ஒரு கரை உடைந்தால் கீழே இருப்பதும் தாங்காமல் போகலாம். ஆனால் பலரும் இலவசமாகக் கிடைக்கும், ஒரு கட்டம் 30 மீட்டர் அளவுள்ள நில உயர வரைபடத்தை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். சில மீட்டர் அகலமுள்ள கண்மாய்க் கரை அதில் சரியாகப் பதிவதே இல்லை. கணினி, கரையே இல்லாததுபோல் தண்ணீரை ஓட்டிவிடும். கரைமேல் நடந்து மட்டம் பார்க்காமல் வேலை ஆகாது. கலுங்கில் வரிசையாக நிற்கும் குத்துக்கற்களையும் பாருங்கள். மழைக்காலக் கடைசியில் கூடுதல் தண்ணீர் தேக்க, கற்களுக்கு நடுவே மண்ணை அடைத்து வைப்பார்கள். அடைத்தபின் ஒரு பெருமழை பெய்தால் வழியும் மட்டமே வேறு. அடைத்த நிலைக்கு ஒன்று, அடைக்காத நிலைக்கு ஒன்று என இரண்டு தனி வரைபடமாகப் போடச் சொல்வேன்.

அடுத்தது வரத்துக்கால், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால். சீமைக்கருவேலம் மண்டி, குறுக்கே மனைக்கல் நட்டிருந்தால், 'வாய்க்கால் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். பழைய நில அளவைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு அந்தப் பாதை மறக்காது.

செயற்கைக்கோள் ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், சரி. ஆனால் வழவழப்பான காய்ந்த மணலும் அதில் தண்ணீர்போலவே கறுப்பாகத் தெரியும். கோடைக்காலப் படத்தோடு ஒப்பிட்டுக் கழிக்க வேண்டும். ஓர் இரவில் வந்து வடிந்த வெள்ளம் எந்தப் படத்திலும் சிக்காமல் போகலாம்.

அப்புறம், 'நூறாண்டு வெள்ளம்' என்பதை நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று மக்களிடம் சொல்லாதீர்கள். எந்த ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டில் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். ஆறே ஓடாத வருடங்களை அப்படியே சராசரியில் கலந்தால் இந்தக் கணக்குப் பிசகிவிடலாம்.

செட்டிநாட்டு வீடுகளின் உயர்ந்த அடித்தளத்தை வெள்ளக் குறியாக எடுப்பவர்களும் உண்டு. பூம்புகாரைக் கடல்கொண்ட நினைவில் உயர்த்திக் கட்டினார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அது இந்த ஊர் வெள்ளத்தின் அளவு அல்ல. வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியிடம் 'தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?' என்று கேட்டு, அவர் காட்டும் படியை அளந்துகொள்ளுங்கள்.